தெருக்களைத் தூக்கும் பனிக்கட்டி

வெயிலும் மழையுமே தெருக்களுக்குப் பகை என்று எண்ணிப் பழகியவர்கள் நாம். மாரிகால வெள்ளம் தெருவின் ஓரத்தை அரித்துச் செல்வதையும், கோடை வெயிலிலே தார் இளகிப் பாதத்தில் ஒட்டுவதையும் ஆண்டுதோறும் காண்கிறோம். நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களில் சில வேளைகளில் புல்நுனியில் உறைபனி படிந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்குவதுண்டு. ஆயினும் சூரியன் எழுந்த சிறிது நேரத்தில் அது மறைந்துவிடும்; நிலத்தின் ஆழத்துக்குள் இறங்குவதில்லை.

வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் நிலைமை வேறு. அங்கே குளிர் நிலத்தின் மேற்பரப்போடு நின்றுவிடுவதில்லை. மாதக்கணக்காக மெல்ல மெல்லக் கீழே இறங்கி, மண்ணைக் கல்லாக்கிவிடுகிறது. நம்மவர் பலர் வாழ்கின்ற கனடாவின் ரொறன்ரோ நகரப் பகுதியிலே வீட்டுக்கு அத்திவாரம் இடுவோர் ஏறத்தாழ 4 அடி ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையிலுள்ள மினசோட்டா மாநிலத்தின் கட்டட விதிகளோ தென்பகுதியில் 42 அங்குலமும் வடபகுதியில் 60 அங்குலமும் தோண்டுமாறு பணிக்கின்றன. மாரிகாலத்தில் நிலம் உறையும் ஆழம் அத்தகையது.

இவ்வாறு உறையும் நிலம் சும்மா கிடப்பதில்லை. அது புடைத்து எழுகிறது. எழும்போது தன்மேல் உள்ள தெருவையும், தெருவோரத்து அறிவிப்புக் கம்பங்களையும், காப்புக் கிராதிகளையும், விளக்குத் தூண்களையும், வடிகால் வாய்களின் இரும்பு மூடிகளையும் சேர்த்துத் தூக்குகிறது. உயிரைக் காப்பதற்கென்று தெருவிலே நாட்டிய கருவிகள் இத்தகைய நிலத்தில் எத்தனை ஆண்டு நிலைக்கும், எவ்வாறு அவற்றைச் சோதிப்பது என்பதே அந்நாட்டுப் பொறியியலாளரின் கவலை. அவர்கள் செய்துவரும் சோதனைகளைப் பற்றி இங்கு சிறிது காண்போம்.

உறைதல் மட்டும் காரணமன்று

நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருகுகிறது. நீர் நிறைந்த கண்ணாடிப் போத்தலை மூடிக் குளிர்ப்பெட்டியின் உறைதட்டிலே வைத்தால் அது வெடித்துவிடுவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். மண்ணிலுள்ள நீரும் அவ்வாறே பெருகி நிலத்தைத் தூக்குகிறது என்றுதான் நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர்.

ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. 3 அடி ஆழமுள்ள ஈரமண் உறைகிறது எனக் கொள்வோம். அதில் 3ல் ஒரு பங்கு நீர் என்றாலும், அந்த நீர் 9 பங்கு வீதம் பெருகுவதால் நிலம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலாகவே எழ வேண்டும். உண்மையிலோ சில இடங்களில் அதைப் போலப் பல மடங்கு எழுந்து நிற்கிறது. மிகுதி எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் தென் கரோலைனாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புவிச்சரிதவியல் அறிஞர் ஸ்டீபன் டேபர். 1929ஆம், 1930ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இத்துறைக்கே வழிகாட்டின. அவர் செய்த சோதனை எளியது, ஆயினும் கூரியது. நீருக்குப் பதிலாகப் பென்சீன் என்னும் திரவத்தை மண்ணில் ஊற்றி உறையச் செய்தார். பென்சீன் உறையும்போது பெருகுவதில்லை, மாறாகச் சுருங்குகிறது. பெருக்கமே காரணமாயின் அம்மண் தாழ வேண்டும். ஆனால் அதுவும் புடைத்தே எழுந்தது!

இதனால் தெளிவான உண்மை யாது? உறையும் மண் கீழிருந்து திரவத்தைத் தன்பால் இழுக்கிறது. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, மண்துணிக்கைகளின் இடைவெளிகளினூடே நீர் மேலே ஏறி, உறையும் எல்லையை அடைந்து பனிக்கட்டியாகிறது. அப்பனிக்கட்டி மண்ணினுள்ளே படலம் படலமாக வளர்கிறது. நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருப்பதால் அறிஞர் அதனைப் பனிக்கட்டி வில்லை என்பர். ஒவ்வொரு வில்லையும் தன் தடிப்பின் அளவுக்கு மேலேயுள்ள நிலத்தை உயர்த்துகிறது. தெருவைத் தூக்குவது மண்ணில் ஏற்கெனவே இருந்த நீர் மட்டுமன்று. புதிதாக வந்துசேரும் நீரே அதனினும் பெரிய காரணம்.

எல்லா மண்ணும் இவ்வாறு நடப்பதில்லை. பருமணலின் இடைவெளிகள் அகன்றவை; அவை நீரை மேலே இழுக்க வலியற்றவை. கடுங்களியின் இடைவெளிகளோ மிக நுண்ணியவை. இழுக்கும் வலி மிகுதியாயினும் நீர் அவற்றினூடே மிக மெதுவாகவே நகரும். இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள நுண்வண்டல் மண்ணே பெருந்தொல்லை தருவது. ஒழுங்கற்ற பருமனுடைய துணிக்கைகள் கலந்த மண்ணிலே 0.02 மில்லிமீற்றரிலும் சிறிய துணிக்கைகள் நூற்றுக்கு 3 பங்குக்கு மேல் இருப்பின் அம்மண்ணை ஐயுற வேண்டும் என்று மண்பொறியியலின் முன்னோடிகளுள் ஒருவரான ஆதர் கசகிராண்டே 1930களின் தொடக்கத்தில் ஓர் அளவுகோல் வகுத்தார். சுவீடன் நாட்டு அறிஞர் குணார் பெஸ்கோ 1935இல் வெளியிட்ட நூல், தெருக்களையும் இருப்புப் பாதைகளையும் பற்றிய இவ்வறிவை மேலும் விரித்தது.

ஆகவே இப்புடைப்புக்கு மூன்று பொருள்கள் ஒருங்கு சேர வேண்டும்: நிலத்துள் இறங்கும் குளிர், நீரை இழுக்கும் மண், எட்டும் தூரத்தில் நீர். இவற்றுள் ஒன்றை நீக்கினால் மற்ற இரண்டும் தனித்துத் தீங்கு செய்ய மாட்டா.

கம்பத்தைப் பிடுங்கும் குளிர்

ஈரக் கைவிரலால் ஐஸ் கட்டியைத் தொட்ட சிறுவர் அறிவர், அது விரலைப் பற்றிக்கொள்ளும் என்பதை. உறைந்த மண்ணும் தன்னுள் நிற்கும் கம்பத்தை அவ்வாறே இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றிய மண் மேலே எழும்போது கம்பமும் எழுகிறது. கம்பத்தின் அடியிலே சிறு வெற்றிடம் தோன்றுகிறது. அதனுள்ளே நீரும் சேறும் சிறுகற்களும் சரிந்து விழுந்து நிரம்புகின்றன. இளவேனிலில் பனி உருகி நிலம் தாழ்ந்தாலும் கம்பம் தன் பழைய இடத்துக்கு இறங்க முடிவதில்லை. அடுத்த மாரியில் மீண்டும் சிறிது எழுகிறது. ஏறுவது உண்டு, இறங்குவது இல்லை.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் உழவர் நட்ட வேலிக்கம்பங்கள் இவ்வாறே வெளியே தள்ளப்படுகின்றன. உழுத வயலில் இளவேனில்தோறும் புதிய கற்கள் மேலெழுந்து கிடப்பதும் இக்காரணத்தாலேயே. அலாஸ்காவிலே பாலங்களைத் தாங்கும் மரத்தூண்களையும் குளிர் பிடுங்கி உயர்த்தியிருக்கிறது.

தெருவின் நடுவிலுள்ள இரும்பு மூடிகளுக்கு வேறோர் இடரும் உண்டு. சுற்றியுள்ள தெரு ஒரு விதமாகவும் ஆழத்தில் ஊன்றிய மூடியின் சட்டம் வேறு விதமாகவும் எழுவதால், இரண்டுக்கும் இடையே படி போன்ற விளிம்பு உண்டாகிறது. பனியை வழித்துத் தள்ளும் பாரிய வண்டிகளின் உருக்குத் தகடு அவ்விளிம்பில் மோதுகிறது. இரவில் ஒளி காட்டுவதற்காகத் தெருவிலே பதித்திருக்கும் ஒளித்தெறி குமிழ்களின் வார்ப்பிரும்புக் கூடுகளும் இவ்வாறு அடிபட்டுத் தளர்வதுண்டு. தளர்ந்த இரும்பு ஒன்று சக்கரத்தில் அகப்பட்டுத் தெறித்துப் பின்வரும் வண்டியின் கண்ணாடியிலே பாய்ந்தால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்கு அங்குலத்தின் பெறுமதி

கம்பம் ஓரிரு அங்குலம் உயர்ந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கத் தோன்றும். நெடுஞ்சாலையிலே அந்த ஓரிரு அங்குலத்திலேதான் உயிர் தங்கியிருக்கிறது.

பெரிய நெடுஞ்சாலைகளின் ஓரத்திலுள்ள அறிவிப்புக் கம்பங்கள் பலவற்றை, வண்டி மோதியவுடன் அடியிலே கழன்று விலகுமாறு அமைக்கின்றனர். அடிப்பகுதி மட்டும் நிலத்தில் நிற்கும், மேற்பகுதி கழன்று, வண்டியின் மேலாகச் சுழன்று போகும், வண்டியிலிருப்போர் பிழைப்பர். அவ்வாறு நிலத்தில் எஞ்சும் முளை 4 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருத்தலாகாது என்பது அமெரிக்க நெடுஞ்சாலைத்துறையினரின் விதி. அதற்கு மேல் உயர்ந்தால் மோட்டார் வண்டியின் அடிப்பாகம் அதிலே மாட்டிக்கொள்ளும். 3 அங்குல உயரத்தில் முறையாக நாட்டிய முளையைச் சில மாரிகாலங்கள் சேர்ந்து 2 அங்குலம் உயர்த்திவிட்டால், உயிர் காக்க வைத்த அக்கருவியே உயிருக்கு உலையாகிவிடுகிறது. இரும்பு பழுதடையவில்லை, துருவேறவில்லை, ஆணி தளரவில்லை. ஆயினும் கருவி கெட்டுவிட்டது.

தெருவோரக் காப்புக் கிராதியை எடுத்துக்கொள்வோம். நெளிவுள்ள உருக்குத் தகட்டைக் கம்பங்களில் பொருத்தி அமைப்பது அது. இப்போது பரவலாக வழங்கும், நெப்ராஸ்காப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் உருவாக்கிய ஒருவகையில், தகட்டின் மேல்விளிம்பு நிலத்திலிருந்து 31 அங்குலம் உயர்ந்து நிற்கும். தகடு மிகத் தாழ்ந்திருந்தால் உயரமான வண்டி அதன்மேல் ஏறிக் கடந்துவிடும். மிக உயர்ந்திருந்தால் சிறிய வண்டியின் மூக்கு அதன் அடியிலே புகுந்துவிடும். நிலம் ஓரிடத்தில் எழுந்தும் ஓரிடத்தில் எழாதும் இருந்தால், நேராக ஓட வேண்டிய தகடு அலைபோல வளைந்து போகிறது.

இவ்வகைக் கிராதியின் உருக்குக் கம்பத்தின் நீளம் 72 அங்குலம். அதில் மண்ணுள் நிற்பது 40 அங்குலம். மினசோட்டாவின் வடபகுதியில் 60 அங்குல ஆழம் தோண்ட வேண்டும் என்ற விதியை மேலே கண்டோம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கம்பத்தின் அடிநுனி வரைக்கும் உறைநிலத்துள்ளேயே அகப்பட்டிருப்பது விளங்கும். உறையாத மண்ணிலே கால் ஊன்றி நிற்க அதற்கு இடமே இல்லை. அன்றியும் தெருவிலே விழும் பனியை உடனுக்குடன் அகற்றிவிடுகிறார்கள். போர்வைபோல் நிலத்தைக் காக்கும் பனி இல்லாமையால், வயல்வெளியைக் காட்டிலும் தெருவின் கீழே குளிர் ஆழமாக இறங்குகிறது.

ஒரே கம்பம், மூன்று நிலம்

மோதலின் வேகத்தைத் தகடும் கம்பமும் மட்டும் தாங்குவதில்லை; கம்பத்தைச் சூழ்ந்த மண்ணும் தாங்குகிறது. வண்டி மோதும்போது கம்பம் மண்ணைத் தள்ளிக்கொண்டு சற்றுச் சாய வேண்டும். அவ்வாறு சாய்வதிலேயே வேகத்தின் ஒரு பகுதி தணிகிறது. பாறையிலோ கொங்கிறீற்றிலோ கம்பத்தை நாட்ட நேரும்போது, அதனைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு இளக்கமான பொருளால் நிரப்புவது இதனாலேயே.

கோடையில் உள்ள மண் கம்பத்துக்கு அளவாக இடங்கொடுக்கும். மாரியில் உறைந்த மண்ணோ பாறையை ஒக்கும். கம்பம் சாய்வதற்குப் பதிலாக நிலமட்டத்தில் மடியும் அல்லது முறியும். இளவேனிலில் மேல்மண் முதலில் உருகுகிறது. அடியில் இன்னும் உறைந்திருக்கும் படலம் நீரை வடிய விடாது. ஆகவே மேல்மண் சேறாகிவிடும். கம்பத்தைப் பிடிக்க வலியற்றதாகும். இரும்பு அதே இரும்பு; ஆணி அதே ஆணி. ஆனால் ஆண்டில் மூன்று வேறு நிலங்களில் நட்டது போல அக்கம்பம் நடந்துகொள்கிறது. எந்த நிலத்தில் அதனைச் சோதித்து நற்சான்று வழங்குவது?

அமெரிக்காவில் 2009இல் வெளிவந்த சோதனை விதிகளின்படி, 1,100 கிலோகிராம் நிறையுள்ள சிறிய காரையும் 2,270 கிலோகிராம் நிறையுள்ள பாரவண்டியையும் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், 25 பாகை கோணத்தில், இத்தகைய கிராதியின்மேல் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். மோதவிடுமுன் அங்குள்ள மண் தக்க வலியுடையதா என்பதையும் அளந்துகொள்ள வேண்டும். முறை சிறந்ததே. ஓரிடத்துச் சோதனையை வேறோரிடத்துச் சோதனையோடு ஒப்பிட வேண்டுமாயின் மண் ஒரே தன்மையாக இருத்தல் அவசியம். ஆயினும் அம்முறை விடை கூறுவது ஒரு நிலத்துக்கே. உறைந்த நிலத்துக்கும் உருகிய நிலத்துக்கும் வேறு சோதனைகள் தேவை.

விரைந்த சோதனையும் பொறுமையான சோதனையும்

ஆய்வுகூடத்தார் காலத்தைச் சுருக்க முயல்வர். கம்பங்களின் அடியிலுள்ள கொங்கிறீற்றைச் சோதிப்பதற்கு அமெரிக்காவிலே நெடுங்காலமாக வழங்கும் முறையொன்று உண்டு. கொங்கிறீற்றுத் துண்டை 4 சதம பாகையளவிலிருந்து பூச்சியத்தின் கீழ் 18 பாகையளவுக்குக் குளிரச் செய்து, மீண்டும் உருகவிடுவர். ஒரு சுற்றுக்கு 2 முதல் 5 மணி நேரம் ஆகும். இவ்வாறு 300 சுற்று. பல ஆண்டுகளின் அலைக்கழிவை இரண்டு மாத காலத்துக்குள் அத்துண்டு அனுபவித்துவிடுகிறது.

இத்தகைய குளிரைத் தாங்கும் கொங்கிறீற்றின் இரகசியம் 1930களில் நியூயோர்க் மாநிலத் தெருக்களிலே தற்செயலாக வெளிப்பட்டது. சில தெருத்துண்டுகள் மட்டும் பனியாலும் உப்பாலும் செதில் விடாது நின்றன. காரணத்தைத் தேடியபோது, அச்சீமெந்தை அரைக்கும்போது சேர்த்த மாட்டுக் கொழுப்பு நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கியிருந்தது புலப்பட்டது. உறையும் நீருக்கு ஒதுங்க இடங்கொடுப்பவை அக்குமிழிகளே. இன்று குளிர்நாட்டுக் கொங்கிறீற்றில் அவற்றை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்.

மண்ணின் சோதனையை இவ்வளவு விரைவுபடுத்த முடியாது. பனிக்கட்டி வில்லை வளர்வதற்குக் குளிர் மெதுவாக இறங்க வேண்டும். கீழிருந்து நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். 1967இல் பிரித்தானியத் தெரு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட முறையில், 6 அங்குல உயரமுள்ள மண்துண்டின் அடியை நீரிலே தோய்த்து, மேற்புறத்தை 250 மணி நேரம் குளிரில் வைத்தனர். அரை அங்குலத்துக்கு மேல் எழாத மண்ணைத் தெருவுக்கு ஏற்கத்தக்கதெனக் கொண்டனர். 1962-63ஆம் ஆண்டுக் கடுங்குளிரை அனுபவித்த நாட்டுக்கு அச்சோதனையின் அருமை நன்கு தெரிந்திருக்கும்.

ஆய்வுகூடத்தில் காணாததைத் தெருவிலேதான் காண வேண்டும். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊரருகே, சோதனைக்கென்றே தெருக்களை அமைத்து 1958 முதல் 1960 வரை இரவு பகலாகப் பாரவண்டிகளை ஓட்டினர். ஓட்டியவர்கள் இராணுவ வீரர். அத்தெருக்களின்மேல் ஏறிய அச்சுப் பாரங்கள் 11 இலட்சத்து 14 ஆயிரம். தார்த்தெருக்களின் சேதம் இளவேனிலில், பனி உருகும் காலத்திலேயே பெரிதும் மிகுந்தது. ஓடிய வண்டிகள் ஆண்டு முழுவதும் ஒன்றே. தாங்கிய நிலமே மாறியது. இன்று மினசோட்டாவும் வேறு பல குளிர் மாநிலங்களும் இளவேனிலில் பாரவண்டிகளின் சுமைக்கு எல்லை விதிப்பது இக்காரணத்தாலேயே.

1961இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் நகரில் அமெரிக்க இராணுவப் பொறியியல் படையினர் குளிர்நில ஆராய்ச்சிக்கென ஓர் ஆய்வுகூடம் நிறுவினர். கூரையின் கீழே தெருவை அமைத்து, கோடையிலும் அதனை மேலிருந்து உறையச் செய்து பார்க்கும் வசதி பின்னர் அங்கே ஏற்பட்டது. மினசோட்டாவில் 1994இல் திறந்த சோதனைத் தெருவிலோ, உண்மையான நெடுஞ்சாலைப் போக்குவரத்தையே சோதனைத் துண்டுகளின்மேல் திருப்பி விடுகின்றனர். தெருவின் அடியில் புதைத்த ஆயிரக்கணக்கான உணர்கருவிகள் வெப்பத்தையும் ஈரத்தையும் அசைவையும் இடைவிடாது கூறிக்கொண்டிருக்கின்றன.

பரிகாரம் யாது?

மூன்று பொருள்களுள் ஒன்றை நீக்குவதே பரிகாரம் என்றோம். குளிரைத் தடுக்க மனிதனால் இயலாது; ஆயினும் ஆழத்தை மாற்றலாம். விளக்குத் தூண் போன்ற பெரியவற்றின் அத்திவாரத்தை உறையெல்லைக்குக் கீழே கொண்டுபோய், அடியை அகலமாக்கி ஊன்றலாம். மண்ணை மாற்றலாம்: நுண்வண்டலை அகற்றிவிட்டு நீரை இழுக்காத சரளைக் கல்லை இடலாம். நீரை விலக்கலாம்: நல்ல வடிகால் அமைத்து நிலத்தடி நீர் தெருவை எட்டாது காக்கலாம். கம்பத்தைச் சுற்றி வழுவழுப்பான உறையிட்டு, உறைந்த மண் அதனைப் பற்றாமல் வழுக்கிப் போகவும் செய்யலாம்.

இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் நிற்கும் எண்ணற்ற கம்பங்கள் யாவற்றுக்கும் ஐந்தடி ஆழக் குழியும் சரளைக் கல்லும் கொடுப்பது செல்வ நாட்டுக்கும் இயலாத காரியம். ஆகவே இறுதியில் நம்பி நிற்பது மனிதக் கண்ணையே. பனி உருகியபின் அளவுகோலோடு தெருவோரம் நடந்து, முளை 4 அங்குலத்தைக் கடந்துவிட்டதா, தகடு தன் உயரத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் திருத்தும் தொழிலாளியின் வேலையும், பெரிய ஆய்வுகூடத்தின் சோதனைக்குச் சற்றும் குறைந்ததன்று.

பொறியியல் கற்க விரும்பும் நம் மாணவர்கள் இதில் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். ஒரு பொருளைக் கையிலெடுத்து, வளைத்து, அடித்து, உறுதியானது என்று சான்று கூறுவது பாதி வேலையே. அது எந்த மண்ணில் நிற்கப் போகிறது, அம்மண்ணுக்கு நீர் எங்கிருந்து வரும், பருவங்கள் மாறும்போது அது என்ன செய்யும் என்றும் கேட்க வேண்டும். நிலம் ஆழமாக உறையாத நம் நாட்டிலும் கோடையில் வெடித்து மாரியில் வீங்கும் களிநிலம் உண்டு. அங்கே சுவர் எழுப்புகிறவனும் செங்கல்லை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வீடு திரும்புதல் தகாது.